அப்பா முதுகில் ஏறிய வாத்து

திருவள்ளூர்
16-9-79, ஞாயிறு

சௌபாக்யவதி அலர்மேல்மங்கைக்கு அம்மா பங்கஜவல்லியின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளை சாலமோனும் பம்பாய் மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நீ பதில் போட்டால்தான் எனக்குக் காபி தொண்டையில் இறங்கும். மங்கா, சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறதடி, பேனா கையில் நிற்கவில்லை, கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. தீபாவளிக்கு நாங்கள் வரலாமா, அப்பா வாசப்படி ஏற விடுவாரா என்று போன கடிதத்தில் ஒரே வரியில் கேட்டிருந்தாய். தலை தீபாவளியே கொண்டாடாமல் இரண்டு தீபாவளி போய்விட்டதே என்று நான் அழாத நாளில்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அதை முதலில் சொன்னால் மீதியைப் படிக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா, வரிசையாகத்தான் சொல்லுவேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டினாயோ பார்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு டைப் அடிக்கப் போன பெண், அங்கே லேபிள் அச்சுப் போடுகிற பையனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டாள் என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா உன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் கடிதம் வந்தால் சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். ஆனால் நான் படிக்கிற வரைக்கும் ராட்டினச் சத்தம் கேட்காது, படித்து முடித்த பிறகுதான் தண்ணீர் இறைப்பார். ஒருநாள் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன், அங்கிருந்து, என்ன அங்கே முணுமுணுப்பு, படிக்கிறதானால் வாய்விட்டுப் படிக்கிறது என்று ஒரு அதட்டல். முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷமாகப் பெஞ்ச் கிளார்க்காக இருக்கிறவருக்கு ஆத்திலும் அதே தோரணை.

இப்படி இருக்கும்போதுதான் உன் பார்சல் வந்தது. நீங்கள் ஷெட்டில் அச்சடிக்கிற பொம்மை போட்ட பனியன், டீ ஷர்ட் என்று சொல்லணுமாமே, அதில் நீயே வரைந்த மஞ்சள் வாத்து, கக்கத்தில் மடக்கின கறுப்புக் குடை. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு வயதில் அப்பாவுக்குக் குடை கொடுக்கிறேன் என்று கொட்டுகிற மழையில் கோர்ட்டுக்கு ஓடினாயே, குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றாயே, அன்றைக்குத்தானே உனக்கு வாத்து என்று பெயர் வைத்தார். அப்பா பார்சலை எட்ட நின்று பார்த்தார். எத்தனை கை பட்டு வந்ததோ, நனைக்காமல் உள்ளே கொண்டு வராதே என்றார். தொடமாட்டேன் என்று சொல்லவில்லை, கவனி. நனைக்கச் சொன்னார்.

நனைப்பது என்று வந்துவிட்டால் நான் சும்மா நனைப்பேனா? வெந்நீரும் சோடா உப்பும் போட்டு ஊறவைத்து, பார் சோப்புத் தேய்த்து, கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, நீலம் போட்டு, சாதம் வடித்த கஞ்சியில் முக்கி மொட்டை வெயிலில் போட்டேன். வாத்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்தது. கொடியில் தொங்கினால் தூசி படியுமே என்று அடுத்த வெள்ளிக்கிழமையும் அதேபோல் துவைத்தேன், அதற்கடுத்த வெள்ளியும். ஒருத்தரும் ஒருநாளும் போட்டுக்கொள்ளாத பனியனுக்கு மூன்று துவையல்! உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசு, பிழியாதே, நிழலில் உலர்த்து, படத்தின்மேல் இஸ்திரி வைக்காதே என்று நீ எழுதியிருந்த சீட்டு பார்சல் காகிதத்தின் மடிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதத்தை நான் அப்பள டின்னுக்கு அடியில் போட்டுவிட்டேன். இனிமேல் இப்படிப்பட்ட சமாசாரத்தைப் பனியன் கழுத்திலேயே தைத்து அனுப்பு, என்னைப் போல எத்தனை அசடுகள் இருக்கிறார்களோ.

போன புதன்கிழமை சாயங்காலம் அப்பா வருவதற்குள் அதை மொடமொடவென்று ஆக்கி அவர் கண்ணில் படும்படி வைக்கணும் என்று எனக்கு ஒரு ஆசை. இஸ்திரிக் கரிப்பெட்டியில் நெருப்பை நன்றாக ஊதி வாத்தின்மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். பெட்டியைத் தூக்கினால், ஐயோ, வாத்தும் கூடவே வந்துவிட்டது! மூக்கு மட்டும் பனியனில் நிற்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வாசலில் செருப்புச் சத்தம் வேறு. அடியில் வாத்து ஒட்டின பெட்டியை அப்படியே மூலையில் வைத்துவிட்டு, பனியனைப் புடவைக்கு நடுவில் சொருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி காபி கலக்கப் போய்விட்டேன். அவருக்குத் தன் சட்டையைத் தானே தேய்த்தால்தான் திருப்தி என்பது அந்த நேரத்தில் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் அவர் எழுந்து, அனல் அடிக்கிறது என்று வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கோர்ட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்திருக்கிறார். பால்காரன் கூப்பிட்டதும் பெட்டியைச் சட்டை முதுகின்மேலேயே வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். வந்து எடுத்தார், மாட்டினார், கிளம்பினார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன், முதுகைப் பார்க்கவில்லை, பெருமாள் சத்தியம்.

மீதியெல்லாம் கோர்ட் பியூன் தேசப்பன் சாயங்காலம் கேஸ் கட்டோடு வந்து சொன்னது. தெருவெல்லாம் சிரித்திருக்கிறது, கோர்ட்டில் வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறார்கள், அப்பாவிடம் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. அலமாரியிலிருந்து கட்டு எடுக்க அப்பா திரும்பினதும் முன்சீப்பே பார்த்துவிட்டு, யதிராஜன், முதுகில் என்னது என்று கேட்டாராம். அப்பா தடவிப் பார்த்து முழித்திருக்கிறார். தேசப்பன்தான், சாமி, உங்க முதுவுல மஞ்சா வாத்து ஒண்ணு குந்திக்கினு கீது சாமி, மூக்கு இல்ல, கொடைய கக்கத்துல இடுக்கிக்கினு கீது என்றானாம். கோர்ட்டே கொல்லென்று சிரித்ததாம். மனுஷர் மானஸ்தர் ஆச்சே, வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாரே என்று நான் வாசலையே எட்டிப் பார்த்தேன். ஆனால் குடை என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு முன்சீப்பை நேராகப் பார்த்து, இது என் பொண்ணு போட்ட படம் ஸார், பம்பாயில் இருக்கா, எங்க மாப்பிள்ளை அச்சுப் போடறார் என்று கணீரென்று சொன்னாராம். என் பொண்ணு என்றாராம் மங்கா! மாப்பிள்ளை என்றாராம்! நான் தேசப்பனை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன், அவன், இன்னாம்மா, சாட்சி விசாரிக்கிறீங்களா என்று அலுத்துக்கொண்டான். அவனுக்கு நாலு அதிரசம் கொடுத்து அனுப்பினேன்.

அப்பா வந்தார். நான் பனியனை எடுத்து நீட்டி நடந்ததைச் சொன்னேன். பனியனில் மிச்சமிருந்த வாத்து மூக்கைத் தடவிப் பார்த்தார். அந்தச் சீட்டு எங்கே என்றார். அப்பள டின்னைக் கவிழ்த்துக் கொடுத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு தீர்ப்பு படிக்கிற மாதிரி இரண்டு தடவை படித்தார். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து அந்தக் கோர்ட் சட்டையை உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் விரித்தார். அழுக்குப் போகணுமா, வாத்து போகணுமா என்று கேட்டேன். வாத்து இருக்கட்டும், நீ கிட்டே வராதே, உன் கை பட்டால் எதுவும் தங்காது என்றார். சொல்லும்போது கண் நிறைந்திருந்தது, நான் பார்த்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்கணும், அவர் அச்சு மை கையோடு சாப்பிட உட்காராமல் பார்த்துக்கொள், வரும்போது பழைய பனியனுக்கு ஒரு மூக்கு கொண்டு வா, மறக்காதே. அப்பா பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
பங்கஜவல்லி

அலர்மேல்மங்கைக்கு,
மேற்படி விவரம் படித்துப் பார்த்தேன். முதுகில் வாத்து இருந்தது வாஸ்தவம். கோர்ட் சிரித்தது வாஸ்தவம். கண் நிறைந்தது என்று உன் அம்மா எழுதியிருப்பது ஆட்சேபத்துக்குரியது, அது சோப்பு நுரை. தீபாவளிக்கு நீயும் மாப்பிள்ளையும் இங்கே ஆஜராகவும். வாய்தா கிடையாது. எனக்குப் புதுப் பனியன் ஒன்று, நாற்பதாம் அளவு. வாத்து முன்பக்கமே இருக்கட்டும். இரண்டு வருஷம் முதுகைக் காட்டியது போதும்.

யதிராஜன்