குடை மறைத்த நேரம்

காஞ்சிபுரம்
ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். போனில் பேசினால் அப்பா போனை வாங்கிக்கொள்கிறார், உடனே இருவரும் சண்டை போடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

வரதராஜப் பெருமாள் கருட சேவையை உங்கள் சேனல் நேரலை செய்யும்போது நேரலைக் கருவிகள் உள்ள ஓ.பி. வேனோடு வருவேன், அப்படியே வீட்டுக்கும் வந்து நான் சென்னையில் பிளஸ் ஒன் சேர்வது பற்றி அப்பாவிடம் பேசுவேன் என்றாயே, அதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும், பாக்கலாம்" என்றார். மறுநாள் காலையில் கால் ஆடும் நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வேனுக்குள் நான் ஏறிப் பார்க்கலாமா? இத்தனை கேமராக்களில் எது டிவியில் வர வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறாய்?

உன் மகள்,
ஜோதிகா

சென்னை
மே 5

என் கண்ணு ஜோவுக்கு,

வேன் வரவில்லைம்மா. இந்த வருடம் புது முறை. கேமராக்காரர்கள் மட்டும் வருவார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பை, அதற்குள் பல சிம் கார்டுகள். படத்தைத் துண்டு துண்டாக்கி, எந்த நெட்வொர்க்கில் இடம் இருக்கிறதோ அதன் வழியே அனுப்பும். இங்கே வந்து எல்லாம் ஒன்றாகச் சேரும். நான் சென்னையில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்துவேன். இது முடிந்ததும் அதே நாற்காலியில் வேறொரு ஊரின் நேரலை. அதனால் நான் வருவதற்கில்லை.

கோபுர வாசலுக்கு எதிரே மூன்றாவது கேமரா. அதைப் பிடிப்பவர் டேனியல். அவர் பக்கத்தில் நில், உன்னைப் பார்க்கிறேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

அன்புடன்,
அம்மா

காஞ்சிபுரம்
மே 14

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவிடம் சொன்னேன். "பை வருதாம், அவ வரலியாமா?" என்றார்.

கருட சேவைக்கு விடியுமுன்பே போய் டேனியல் அண்ணன் பக்கத்தில் நின்றேன். பையைத் தொட்டேன், சுட்டது. "கூட்டம் ஏற ஏற அத்தினி பேரும் வீடியோ அனுப்பிக்கினு இருப்பாங்க பாப்பா. ஒரு சிம்மு படுத்தா இன்னொண்ணு தூக்கிக்கும்" என்றார். படம் உன்னிடம் வரச் சற்று நேரம் ஆகுமாம், உன் குரல் மட்டும் உடனே அவர் காதுக்கு வந்துவிடுமாம். அப்படியென்றால் நீ பார்த்துச் சொல்வதற்குள் இங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்குமே என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் உங்கம்மா. ஊர் பழக்கம் தெரிஞ்சவங்க, நடக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க" என்று கேமராவை ஒரு நொடி என் பக்கம் காட்டிவிட்டு, ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தார்.

"ஜோ, தல ஏன்டி வாரல?" என்றாய். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

அப்போதுதான் கோபுர வாசலில் குடைகளால் பெருமாளை மறைத்தார்கள். முதுமையால் சோளிங்கரிலிருந்து வர முடியாமல் போன பக்தர் தொட்டாச்சாரியாருக்கு, அந்தச் சிறு பொழுதில் பெருமாள் அங்கேயே போய்க் காட்சி கொடுக்கிறார் என்பார்கள். டேனியல் அண்ணன் கேமராவை மறுபடி என் பக்கம் திருப்பினார். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் அந்தப் படம்தான் டிவியில் போகிறது என்று அவர் சொல்லியிருந்தார்.

குடைகள் விலகின. "வரதா!" என்று கூட்டம் கத்தியது. சிவப்பு விளக்கு அணையவில்லை. படம் தாமதமாகப் போவதால் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஹெட்செட்டில் யாரோ கத்தினார்கள்: "மேடம், ரெண்டாவது கேமராவுக்குப் போங்க! பெருமாள் வந்துட்டாரு, ரெண்டு!"

வீட்டுக்கு வந்தபோது அப்பா டிவி முன்னால் இருந்தார். "பெருமாளக் காட்டச் சொன்னா, பொண்ணக் காட்டிக்கினு இருக்கிறா" என்றார். திட்டியது போலத் தெரியவில்லை.

உன்னைத் திட்டினார்களா?

ஜோதிகா

சென்னை
மே 18

என் கண்ணு ஜோவுக்கு,

திட்டினார்கள். காஞ்சிபுரத்திலேயே பிறந்துவிட்டுக் குடை விலகுவதைத் தவறவிட்டேன். உன் முகம் அவ்வளவு பெரிதாகத் திரையில் வந்ததும் விரல் நகரவில்லை. போகட்டும்.

இனி எல்லாத் திருவிழாவுக்கும் இதே முறைதான். இங்கிருந்தபடியே உன்னைப் பார்த்துக்கொள்வேன். தொட்டாச்சாரியாருக்கு அவர் இருந்த இடத்திலேயே காட்சி கிடைக்கவில்லையா, அது மாதிரிதான். பிளஸ் ஒன் சென்னையில் சேர அப்பாவிடம் நீயே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா

காஞ்சிபுரம்
மே 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். தொட்டாச்சாரியாருக்கு வயதாகிவிட்டது, வர முடியவில்லை. உனக்கு என்ன அம்மா? அவர் பெருமாளைப் பார்த்தார். நான் அன்று கேமராக் கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். "உனுக்குப் புடிச்சா போ. நான் தடுக்கல. ஆனா அவ வந்து கூட்டிக்கினு போவட்டும்" என்றார்.

நான் இங்கேயே, என் பழைய பள்ளியிலேயே சேர்ந்துவிட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டார். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. அங்கே வந்தாலும் நீ வேறு ஏதோ ஒரு ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது.

ஆனால் ஒன்று தெரிய வேண்டும். துண்டு துண்டாக வரும் படங்கள் எப்படிச் சரியான வரிசையில் சேர்கின்றன? ஒரு துண்டு வழியில் தொலைந்தால் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? இதற்குக் கடிதத்தில் பதில் வேண்டாம். பஸ் ஏறி வந்து சொல். அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் மகள்,
ஜோதிகா

அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.