இன்றே மீட்க வேண்டிய படங்கள்

காலை ஐந்து பத்து. துவாஸ் வேலைக்குப் போகும் பஸ் வரக் கால் மணி நேரம் இருக்கிறது.

கில்பர்ட்,

நெத்திலி சம்பல் மூடி வைத்திருக்கிறேன். சோற்றை மட்டும் சூடாக்குங்கள்.

போன் நிரம்பிவிட்டது, சுத்தம் செய் என்று போன மாதம் கொடுத்தீர்கள். பூப்படம் போட்ட காலை வணக்கமே நானூறுக்கு மேல் இருந்தது. அவற்றோடு உங்கள் அப்பாவின் அடக்கத்தில் எடுத்த படங்களையும் அழித்தேன். பெட்டியில் கிடக்கும் முகத்தை யார் தினமும் பார்ப்பது என்று நினைத்தேன். உங்களைக் கேட்காதது என் தவறு. ஞாயிற்றுக்கிழமை அது தெரிந்ததிலிருந்து நீங்கள் பேசவில்லை. எனக்கும் பேசத் தெம்பில்லை.

அழித்த படங்கள் முப்பது நாள் போனிலேயே இருக்குமாம். இன்று கடைசி நாள். அந்த இடத்தைத் திறக்க உங்கள் கைரேகை வேண்டும். தூங்குகிறவரின் விரலைப் பிடித்து வைக்க மனம் வரவில்லை. எழுந்ததும் முதலில் அதைச் செய்யுங்கள். போன் டிவி பக்கத்தில் சார்ஜில் இருக்கிறது.

ஜோஆன்

கேஸ் தீரப்போகிறது. கடைக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் காஹாங்கிலிருந்து உங்கள் தங்கை ஜெசிந்தா கூப்பிட்டாள். படங்களை அழித்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்:

“அப்பா பெட்டிகிட்ட நின்னத விட்டா, நாங்க கூடப் பொறந்த அஞ்சு பேரும் ஒண்ணா இருக்கிற போட்டோ வேற ஏதாச்சும் இருக்கா அண்ணி?”