ஃபோர்மேன் காவல் காத்த பந்து

எதிர்வீட்டில் இன்று காலையிலிருந்து இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறார்கள். கண்ணுக்கு ஆகாது, ஜன்னலைச் சாத்துங்கள் என்றாள் என் வீட்டுக்காரி. நான் சாத்தவில்லை. சுட்ட இரும்பின் வாடை உள்ளே வந்ததும், வே, நீரே படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. ஆயுசு பூரா வெல்டிங் வைத்த ஆளல்லவா நீர், கல்யாண வீட்டுக்கு சென்ட் அடித்துக்கொண்டு வந்த நாளில்கூட உம் மேலிருந்து அந்த வாடை போனதில்லை. எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு ஆள், முகத்துக்குக் கண்ணாடிகூடப் பிடிக்காமல் வேலை செய்துகொண்டிருந்தான். நீராக இருந்தால் இங்கிருந்தே அவனை ஏசித் தீர்த்திருப்பீர்.

எட்டிப் பார்ப்பது என்றால் ஜன்னல் கம்பி வரைக்கும்தான். இந்த மாடிக்கு இருக்கிற ஒரே வழி நீர் செய்து கொடுத்த இரும்புப் படி. கீழே வாடகைக்கு விட்ட குடோனுக்கு லாரி வந்து நிற்க இடம் வேண்டும் என்று, படியைச் சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக வைக்கச் சொன்னவன் நான். “இது படி இல்ல வே, ஏணி. வயசான காலத்துல எப்படி எறங்குவீரு?” என்று கேட்டுக்கொண்டேதான் செய்து முடித்தீர். வயசாகும் வரை அது காத்திருக்கவில்லை. ஜங்ஷனில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் பிடித்து, நீர் அடியில் முதுகு கொடுத்து, படாத பாடு பட்டு என்னை மேலே ஏற்றினீர்கள். அன்று ஏறியவன்தான். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடந்ததோடு சரி. படியை மேலிருந்து பார்த்தால் அதன் ஓட்டைகள் வழியாகத் தரை தெரியும். பார்த்த உடனே வாக்கரைத் திருப்பிவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் நாம் வேலை பார்த்த லேத் பட்டறையை முதலாளி மூடினார். மிஷின்களை எல்லாம் லாரியில் ஏற்றினார்கள். வாசல் தூணில் சங்கிலியோடு நின்ற நாயை யாரும் ஏற்றவில்லை. யார் வேலை செய்தாலும் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்பதால் அவனுக்கு ஃபோர்மேன் என்று பெயர். குட்டியாகக் கட்டியவர்கள் பிறகு அவிழ்க்கவே இல்லை. ஆயுத பூஜை அன்று லேத்துக்குச் சந்தனம் வைக்கிற கையோடு அவன் நெற்றியிலும் வைப்போம், அவனும் ஒரு மிஷின் என்பது போல. கீழே விழுந்த ஸ்பேனரை வெளியாள் ஒருவன் தொட முடியாது. சின்ன வயதில் ஒரு கையுறையைக் கடித்துவிட்டு வாங்கிய அடியில், சோற்றைத் தவிர எதையும் வாயில் எடுப்பதையே விட்டிருந்தான்.

அவனை ஆட்டுக்குட்டி போலத் தோளில் போட்டுக்கொண்டு நீர் படியேறி வந்தீர்.

“அண்ணாச்சி, இங்க ஒரு ஆளப் பாக்கவே எனக்கு முடியல. ரெண்டாவது ஆளு வேறயா?” என்றாள் வீட்டுக்காரி.

“ரெண்டும் ஒரே ரகம்தான் மதினி. சோறு போட்டா ஒரு மூலையில கெடக்கும்” என்றீர்.

எனக்கு வந்த கோபத்தில் வாக்கரை எடுத்து எறிந்திருப்பேன். ஆனால் நீர் சொன்னது பொய்யில்லை. மாடி முற்றத்தில் அவனை அவிழ்த்துவிட்டோம். அவ்வளவு இடம் கிடந்தும், இல்லாத சங்கிலியின் நீளத்துக்கு அரைவட்டமாக நடந்தான், திரும்பி வந்தான், மறுபடியும் நடந்தான். ஓட்டை ஓட்டையாகத் தெரிந்த படியைக் கண்டு அவனும் பயந்தான். வீட்டுக்காரி மணல் கொட்டிக் கொடுத்த மூலையிலேயே அவன் காரியம் எல்லாம் நடந்தது. மீதி நேரம் முன்னங்காலை நக்கினான். பிறகு கடித்தான். ரோமம் போய், தோல் போய், சதை தெரிந்தது.

நீர் அழைத்துவந்த கால்நடை டாக்டர் மருந்து போட்டுக் கட்டினாலும், அந்தக் கட்டு மட்டும் போதும் என்று நம்பவில்லை. “மனசுக்கு வேலை இல்லாம இப்படிக் கடிக்குது. புண்ணு எலும்பு வரைக்கும் போயிட்டுன்னா விரல எடுக்க வேண்டி வரும். பொம்மை, பந்து எதையாவது குடுத்து விளையாட வையுங்க” என்றார். அவர் போன பிறகு நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாயை விளையாட வைப்பது எப்படி என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் பேட்டையில் நாய் என்றால் குரைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாளே நீர் ஒரு இரும்பு வளையத்தோடு வந்தீர். பிசிறு இல்லாமல் கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கி, நடுவில் மணிகூட வைத்திருந்தீர். உலகத்திலேயே நாய்க்கு வெல்டிங் வைத்துப் பொம்மை செய்த ஒரே மனுஷன் நீராகத்தான் இருக்கும். அவன் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்து, அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் வாத்து. அது கீச்சிட்டதும் கட்டிலுக்கடியில் புகுந்து ஈரமாக்கிவிட்டான். ரப்பர் பந்தில் கருவாட்டைத் தேய்த்துக் கொடுத்தீர். கருவாட்டு ருசி போகும்வரை நக்கிவிட்டு, மறுபடியும் தன் காலுக்கே போனான். “என்ன பய வே இவன்! இவனுக்கு லீவு விட்டாலும் வீட்டுக்குப் போகத் தெரியல” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தீர்.

கடைசியில் உம்முடைய கிழிந்த காக்கிச் சட்டையைச் சுருட்டி, கயிற்றால் வரிந்து கட்டி ஒரு பந்து செய்தீர். பார்க்கச் சகிக்காது. அதை முற்றத்தில் உருட்டிவிட்டதும் ஃபோர்மேன் எழுந்தான். பக்கத்தில் போய் மோந்து பார்த்து, அதன் அருகே முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டான். வாயில் எடுக்கவில்லை. நமக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெருக்க வந்த வீட்டுக்காரி விளக்குமாற்றால் பந்தை ஒதுக்கப் போனாள். பல்லைக் காட்டி உறுமினான்.

“எம் வீட்ல என்னையவே உறுமுதானா? வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள இவன் இங்க இருக்கக் கூடாது அண்ணாச்சி” என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீரோ தொடையைத் தட்டிச் சிரித்தீர். “வே, அவன் டூட்டி பாக்கான் வே! தரையில கெடக்கது பட்டறைச் சாமான். அத எவனும் தொடப்படாது. நம்மதான் புரியாம அவன வெளையாடு வெளையாடுன்னு உயிர எடுக்கோம்.” சொல்லிக்கொண்டே துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாகப் பைய நடக்க ஆரம்பித்தீர். அந்தத் தொந்தியோடு அப்படி ஒரு திருடனை நான் கண்டதில்லை. கடித்துவிடப் போகிறான் என்று நான் கத்தினேன். “என்னயக் கடிப்பானா வே? எத்தன வருசம் ஒரே வடைய ரெண்டாப் பிச்சுத் தின்னுருக்கோம்!” என்றீர்.

பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினீர். ஃபோர்மேன் ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு, அந்த அரைவட்டத்தைத் தாண்டி, முற்றத்தின் மறு கோடி வரைக்கும் உம்மைத் துரத்தினான். தண்ணீர்த் தொட்டியடியில் மடக்கி, எத்தனையோ வருஷமாக ஒரு பொருளைத் தொடாத வாயால் பந்தைக் கவ்வி இழுத்தான். நீர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். உம் வேட்டி அவிழ்ந்து, நீர் பொத்தென்று உட்கார, அவன் பந்தோடு பழைய இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டான். வால் மட்டும் தரையை அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை மாதத்துக்கு அப்புறம் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. வீட்டுக்காரி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதன் பிறகு சாயங்காலம் தோறும் உம் களவுதான். சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் படியேறுவீர். அவனுக்கும் ஆட்டம் பிடிபட்டுவிட்டது. நீர் வரும் நேரத்தில் பந்தை நடு முற்றத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். காது மட்டும் படிப் பக்கம் இருக்கும். ஒருநாள்கூட நீர் பந்தோடு தப்பியதில்லை. “இன்னைக்கும் போச்சு வே” என்று மூச்சிரைக்க என் கட்டில் ஓரத்தில் வந்து உட்காருவீர். அவன் கால் புண் ஆறி, புது ரோமம் முளைத்தது.

“நீரும் ஒரு நாளு களவுக்கு வாரும் வே. கட்டில்ல கெடந்து என்னத்தக் கண்டீரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தீர். எனக்கு எதுக்கு இந்த நாய்ப் பிழைப்பு என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஒரு காலையில் நீர் பல் தேய்க்கப் போன இடத்தில், குழாயடியில் அப்படியே உட்கார்ந்தீராம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். செய்தி வந்ததும் நான் படி வரைக்கும் வந்துவிட்டேன். வாக்கரை விட்டுக் கம்பியைப் பிடித்தேன். கீழே தரை தெரிந்தது. கால் வரவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்று இரண்டு பேர் வந்தார்கள். இந்தப் படியில் நாற்காலியைச் சாய்க்காமல் இறக்க முடியாது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடியில் முதுகு கொடுக்கிற ஆள் அங்கே படுத்துக் கிடந்தால் என்னை யார் இறக்குவது? உம்மை ஏற்றிய வண்டி எங்கள் தெரு வழியாகவாவது வரும் என்று ஜன்னலில் நின்றேன். ஆற்றங்கரைக்கு மெயின் ரோடு வழியாகவே போய்விட்டார்கள். கொட்டுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. உம் முகத்தை நான் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு பார்க்கவில்லை. அன்றைக்கு இந்தச் சுவர்களை நான் வெறுத்தது போல ஒரு மனுஷனையும் வெறுத்ததில்லை.

அன்று சாயங்காலமும் ஃபோர்மேன் பந்தை நடு முற்றத்தில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். இருட்டும்வரை அப்படியே நின்றான். அடுத்த நாள் பந்தைப் படிக்குப் பக்கத்தில் நகர்த்தினான். திருடனுக்குத் தூரம் அதிகம் என்று நினைத்திருப்பான் போல. அப்புறம் மறுபடியும் காலை நக்க ஆரம்பித்தான். புது ரோமம் ஈரமாகி ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்காரி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். ஒரு துண்டை எடுத்து, உம்மைப் போல என் தலையில் முக்காடு போட்டு, “நீங்க போங்க” என்றாள்.

வாக்கரோடு போகிற திருடனை நினைத்துப் பாரும். ஒவ்வொரு அடிக்கும் டக் டக் என்று சத்தம். செவிட்டு நாய்கூடத் திரும்பும். அவன் திரும்பவில்லை. முதல் நாள் பந்தை எடுத்துக்கொண்டு கட்டில் வரைக்கும் வந்துவிட்டேன். அதன் பிறகுதான் பின்னாலேயே வந்து, நோகாமல் வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது அவன் கழுத்தை நீட்டி, பந்தை இரும்புப் படியில் மேலிருந்து முதல் தட்டில் வைக்கிறான். அதைத் தாண்டி இறங்க அவனுக்குப் பயம். எனக்கும்தான். பந்து வேண்டுமென்றால் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டைகளைப் பார்க்காமல், ஒரு காலைக் கீழே வைத்தாக வேண்டும். உடம்பெல்லாம் வேர்க்கிறது. நான் இன்னும் மாடியில்தான் கிடக்கிறேன் வே. தெருவில் இறங்கி உம் வீட்டு வாசலில் வந்து நிற்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உமக்கு ஒருநாளும் பந்தை விட்டுக்கொடுக்காதவன் அவன். எனக்கு விடுகிறான். என் கால் அந்தத் தட்டில் ஊன்றுகிற வரைக்கும், சுவரைப் பார்த்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நிற்கிறான்.