நாகம் என்று நாங்கள் கும்பிட்ட கை

பக்கத்து வீட்டில் இன்று நாகபூஜை. மஞ்சள்பொடியும் விரிந்த பாக்குப்பூவும் கலந்த வாசம் சன்னல் வழியாக வந்தது. கிள்ளிக்கொண்டிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு?

நான் மருமகளாக வந்தபோது நீ பாவாடை கட்டிய நாத்தனார். குள்ளம், உருண்டை முகம். கையை மடக்கினால் மோதிர விரலின் முட்டி எழும்ப வேண்டிய இடத்தில் குழி விழும். "இதுல எண்ணெய ஊத்தித் திரியப் போட்டா வெளக்காச்சுங்க நங்கை" என்று நீயே சிரிப்பாய். அண்ணன் பெண்டாட்டியை எல்லோரும்தான் நங்கை என்கிறார்கள். நீ கூப்பிட்டால் அதில் ஒரு கிண்டல் இருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். முதல் பிரசவத்துக்குப் புருஷன் வீட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு, நம் வீட்டுக்கு வந்திருந்தாய். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒருநாள் உன் வலதுகை தானாக இழுத்துக்கொண்டது. மணிக்கட்டு மடங்கி, ஐந்து விரலும் ஒன்றுசேர்ந்து குவிந்து, முன்னால் சாய்ந்து நின்றது, படமெடுத்த நாகம்போல. மாமியார் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நாகாத்தா வந்துட்டா!" அவர் குரல் எழுவதற்கு முன்பே என் கைகள் கூப்பியிருந்தன. பழியை அவர்மேல் மட்டும் போட மாட்டேன்.

விரத நாள் குறிக்கும் நோட்டில் சாமி வந்த நாளையெல்லாம் எழுதத் தொடங்கினேன். என்ன கிழமை, எந்தக் கை, எவ்வளவு நேரம். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள், எழுத்துக்கூட்டி நானே கற்ற எழுத்து. ஒரு நாளும் தவறவிடவில்லை. வாரம் ஒருமுறை என்பது நாளுக்கு ஒருமுறை ஆனதும் அதில் இருக்கிறது.

குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். "எரும எந்தப் பக்கம் போச்சுங்க தாயே?" என்று ஒருவர் கேட்டார். கை தளர்ந்ததும் நீ என் காதில், "எரும என்ற கையிலயா மேயுது? நாகம்மாளுக்கு வேற ஊடே கெடைக்கலீங்களா நங்கை?" என்றாய். சிரிப்பை அடக்கிக்கொண்டு உன் வாயைப் பொத்தினேன். இன்னொரு நாள் நீ சிரிக்கவில்லை. "வலிக்குதுங்க நங்கை. சாமி வந்தா வலிக்குமுங்களா?"

"சோதிக்கிறா, பொறுத்துக்க" என்றேன். உனக்கு வலிக்கிறது என்பதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஆடி வெள்ளி, நடுப்பகல். வேம்படி நாகக்கல் முன்னே உன் இரண்டு கையும் குவிந்தன. "கையப் பிரிச்சு உடுங்க நங்கை" என்றாய். சாமி இறங்கிய கையைத் தொடக்கூடாது. குவிந்த விரல்களின் மேல் அரளிப்பூ வைத்தேன். உன் தொண்டை இறுகி, மூச்சு உஸ்ஸென்று இரைந்தது. "நாகம் சீறுது!" என்று கூட்டம் குலவையிட்டது. குலவை ஓய்ந்தபோது நீ இல்லை.

உன் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். உன் மகளை நாங்கள் வளர்த்தோம். ஆறு வயதில் அவள் கை அதேபோல் குவிந்தது. "தாயோட வாரிசுங்க" என்று தெருவே திரண்டது. அவள் என்னைப் பார்த்து, "வலிக்குதுங்க அத்தை" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளைப் பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனேன். "சாமிய ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போறியா?" என்று மாமியார் வாசலை மறித்தார். விலக்கிவிட்டுப் போனேன், நோட்டோடு.

டாக்டர் அம்மா, உனக்கு இருந்ததுபோலவே குழந்தையின் கையிலும் இருந்த முட்டிக் குழியைப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றிக் காற்றடித்து, அப்படியே இறுக்கி வைத்துக் காத்திருந்தார். மூன்று நிமிஷம். பூவில்லாமல், கற்பூரமில்லாமல் என் கண்முன்னே நாகம் படமெடுத்தது. பட்டையைத் தளர்த்தியதும் இறங்கிப்போனது.

"ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கொறைஞ்சு கெடக்குதுங்க. பயப்படாதீங்க, மருந்து இருக்கு" என்றார். உன்னைப் பற்றிச் சொல்லி நோட்டை நீட்டினேன். வெகுநேரம் புரட்டினார். "யாரு எழுதினது?"

"நானுங்க."

"இத்தன சரியா எழுதி வெச்சீங்க. அப்பவே இங்க கொண்டு வந்திருக்கலாமுங்களே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று டாக்டர்களுக்கே முழுதும் புலப்படாதது பின்னால் புலப்பட்டது. வளர்ந்தபின் உன் மகள் தன் நோயைப் பற்றிக் கொண்டுவந்த தாள்களை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். கழுத்துச் சுரப்பி ஒன்று, சுண்ணாம்புச் சத்தைக் கூட்டச் சொல்லி ஒரு சுரப்புநீரை அனுப்புகிறது. செல்லின் வாசலில் ஏற்பி என்ற ஒன்று அந்த அழைப்பைக் கேட்கிறது. அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஜி புரதம் என்ற ஒன்றின் துண்டு, ஆல்பா துணையலகு என்று பேர். காலராக் கிருமியின் விஷம் அதை ஓயவிடாமல் செய்வதால்தான் குடல் தண்ணீராய்க் கொட்டுகிறதாம். உனக்கோ அது போதாமல் இருந்தது. சுரப்பி கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, சேதி உள்ளே போகவில்லை. கேட்டும் உள்ளே சொல்லாமல் நின்றது உன் உடம்பில் இருந்த புரதம் மட்டும்தானா?

இப்போதும் காலையில் குளித்து விளக்கேற்றித்தான் மறுவேலை. நாகம்மாள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் வரவேயில்லை. வந்ததாகச் சொன்னது நாங்கள்.

உன் மகள் மருந்தில் நன்றாக இருக்கிறாள். "எங்கம்மா கடைசியா என்னங்க சொன்னாங்க?" என்று சின்ன வயதிலிருந்தே கேட்பாள். "நாகம்மா பேரச் சொன்னா கண்ணு" என்பேன். அதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன். இன்று பேனாவைப் பாதியில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ உண்மையில் சொன்னதைச் சொன்னேன்.

தன் கையைப் பார்த்தாள். "நீங்க பிரிச்சு உட்டீங்களா அத்தை?"

"இல்ல கண்ணு. பூ வெச்சேன்."

எழுந்து போய்விட்டாள். இத்தனை காலம் நான் ஒருத்தியே வைத்திருந்த உன் கடைசி வார்த்தையில் அவளுக்கும் பங்கு கொடுத்துவிட்டேன். என் பங்கு குறையவில்லை.