காலில்தான் அடி என்றேன்

8 ஜூன் 1971, செவ்வாய். மெல்போர்ன்

காலையிலிருந்து தூறல். சாக்ஸ் காயவில்லை. கிளேட்டன் பஸ்ஸை விட்டாயிற்று, பல்கலைக்கழக லேபுக்கு மட்டம். வாங்க: அரிசி, பிளேடு.

மதியம் வாசலில் ராணுவ அதிகாரி ஒருவர், கூடவே பாதிரியார். வீட்டுக்காரம்மா கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்கள். விஷயம் சொல்லவில்லை. பாதிரியாரும் சேர்ந்து வந்தால் இங்கே சாவுச் செய்திதான் என்று எனக்குத் தெரியும்.

கெவின். அந்த அம்மாவுக்கு ஒரே மகன். பேக்கரி வேலை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பிறந்த தேதிக் குலுக்கலில் மாட்டி வியட்நாம் போனான். போகுமுன் எனக்கு ஹீட்டர் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தான். என் ரசத்தைக் குடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னொரு கப் கேட்டவன்.

வீட்டுக்காரம்மா வந்ததும், "ராணுவக் கார் நின்னுதாமே? பக்கத்து வீட்ல சொன்னாங்க."

நம் ஊரில் யாரும் எடுத்த எடுப்பில் செத்துவிட்டார் என்று சொல்வதில்லை. அப்பா போனபோதுகூட எனக்கு 'சீரியஸ், உடனே வா' என்றுதான் தந்தி. படிப்பவனுக்குப் புரிந்துவிடும். அதே பழக்கத்தில், "கெவினுக்கு அடி பட்டிருக்கு. கொஞ்சம் சீரியஸ்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்து, "கால்லதான்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"கால்தானே? அப்போ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!" அழுதுகொண்டே சிரித்தார். தங்கைக்கு போன். அவன் கட்டிலை ஹீட்டர் இருக்கும் முன்னறைக்கு இழுத்தார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கோழை.

சாயங்காலம் மணி அடித்ததும் ஓடிப்போய்த் திறந்து, அவர்களிடம் முதலில் அவர்தான் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரி?"

10, வியாழன்

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்றும் குளிர். சோறு இறங்கவில்லை.

லேபில் யாழ்ப்பாணத்து சிவநேசனிடம் சொன்னேன். "எங்கட ஊரிலயும் அப்பிடித்தான் சொல்லுறது. ஆனா காலெண்டு ஏன் சொன்னனீர்?"

வெட்கமாக இருக்கிறது.

12, சனி

வெயில். துணி துவைத்தேன்.

வீட்டுக்காரம்மாவிடம் எங்கள் வழக்கத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இங்கிலீஷ் திக்கியது. டீ போட்டு என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னே. தெரியும். ஆனா நீ வேற ரூம் பாத்துக்கணும். கோபம் இல்ல. நீ கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம், ஒரு நிமிஷம், அவனுக்குக் கால்லதான் அடின்னு தோணுது."