இறக்கத்துக்கு ஒரு கியர்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. கரண்ட் வருவதும் போவதுமாக.

நசீர் அண்ணன் பட்டறையிலிருந்து போன். இஞ்சின் வந்து இறங்கிவிட்டதாம். ஓசூர்ப் பக்கம் உடைப்புக்குப் போட்ட லாரியில் கழற்றியது. பழையதைவிட இழுவை அதிகம், ஆனால் நிதானமாகச் சுற்றுகிற ரகம்.

நம் லாரி ஆடி மாதம் தொப்பூர் இறக்கத்தில் மலைச் சுவரில் மோதி நின்றது. முழுப் பாரம். இவர் கியரைக் கழற்றி நியூட்ரலில் விட்டு இறங்கியிருக்கிறார். தொப்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள், டீசல் மிச்சமாம். கியரில் இருந்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் எல்லாச் சுமையும் பிரேக்கின் தலையில். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. இஞ்சின் பிளந்தது. இவருக்குக் காரை எலும்பு மட்டும்.

அந்த "மட்டும்" என்ற சொல்லுக்கு இத்தனை மாதமாகத் தினமும் ஒரு நன்றி சொல்கிறேன். யாருக்கென்று தெளிவில்லை. சாமிக்கும், சுவருக்கும் சேர்த்து என்று வைத்துக்கொள்கிறேன்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் புள்ள" என்று இன்றைக்கும் ஆரம்பித்தார்.

"ஆனை நியூட்ரல்ல போவாது மாமா" என்றேன். இட்லியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, அத்தைக்கு முட்டி வலித் தைலம்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. பட்டறைக்கு நானும் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டரில் நின்றவள் நான். கியர்பாக்ஸ், கிரவுன் எல்லாம் அங்கேயே பழக்கம். இவரும் அங்கேதான் பழக்கம். பேரம் பேசத் தெரியாத ஆள் என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

இனி முடிவு செய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, கியர்பாக்ஸ். நம்முடைய பழைய ஐந்து கியர் பெட்டியா, இஞ்சினோடு வந்த ஆறு கியர் பெட்டியா. ஆறு என்றால் பெட்டி நீளம். அதற்குப் பின்னால் இருப்பதை எல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும்.

இரண்டு, பின் ஆக்ஸிலில் இருக்கிற கிரவுன். இப்போது ஆறுக்கு நாற்பத்தொன்று. அதாவது சின்னப் பல்சக்கரத்தில் ஆறு பல், பெரியதில் நாற்பத்தொன்று. இழுவை ஜாஸ்தி, ஓட்டம் கம்மி. ஏழுக்கு நாற்பத்தொன்று போட்டால் ஓட்டம் கூடும், இழுவை குறையும்.

இவர் கட்சி ஏழு. இஞ்சினே நிதானம், அதோடு பழைய கிரவுனும் என்றால் பைபாஸில் டிராக்டர் கூட முந்தும் என்கிறார். நசீர் அண்ணன் கட்சி ஆறு. வத்தல்மலை ஏற வேண்டாமா என்கிறார். டீ கொண்டுவந்தவர் கூட ஒரு கருத்துச் சொன்னார். அவரிடம் இருப்பது சைக்கிள்.

முடிவாகவில்லை. வரும் வழியில் கொத்தமல்லி வாங்க மறந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். இன்றும் அதே பஞ்சாயத்து.

"வத்தல்மல வளைவுல ஏழு கிரவுனு மூச்சு வாங்கும், சக்தி. கிளச்சு கருகிப்போவும்" என்று இவரிடம் சொன்னார் நசீர் அண்ணன்.

"வத்தல்மலைக்கு வாரத்துக்கு ஒருக்காதான் போறம்ணா. பைபாஸ்ல தெனமும் போறம். தெனம் போற ரோட்டுக்குப் போடறதா, என்னைக்கோ போற ரோட்டுக்குப் போடறதா?" இது இவர்.

இருவர் சொல்வதும் சரிதான். அதுதான் எரிச்சல். பழைய டயர் மேல் உட்கார்ந்து யோசித்தேன். வத்தல்மலைக்கு வண்டி காலியாக ஏறுகிறது. ராகியும் சாமையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. சேலத்து ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறங்குகிறது. திரும்பும்போது மாட்டுத் தீவனத்துக்குக் கிழங்குச் சக்கை, காய்ந்த திப்பி, எடையே இல்லை.

"அண்ணா, எங்க வண்டி பாரத்தோட ஏறுனதே இல்லீங்க. பாரம் எப்பவும் எறக்கத்துலதாங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நசீர் அண்ணன் சிரித்துவிட்டார். "அட ஆமா தங்கச்சி. நாங்க ஏத்தத்தையே பேசிக்கிட்டு இருக்கறம்."

இவர் சிரிக்கவில்லை. இறக்கம் என்று யாராவது சொன்னாலே கை தானாகக் காரை எலும்புக்குப் போகிறது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இவர் வாசலில் தார்ப்பாய் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். ஆடியிலிருந்து திட்டிக்கொண்டே இருக்கிறேனே, ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டேனா? இன்றைக்குக் கேட்டேன். குரலை உயர்த்தாமல். எனக்கே புதிதாக இருந்தது.

"ஏன் மாமா நியூட்ரல்ல வுடறீங்க?"

ஊசியை நிறுத்தினார். திட்டு வரும் என்று காத்திருந்தார் போல. வராததால் பேசினார்.

"மூணாவதுல எறங்குனா நத்தை மாதிரி போவும் புள்ள. பின்னாடி பெரிய டிரெய்லருங்க வந்து நிக்கும். ஆரன் மேல ஆரன். ஊரையே நிறுத்தி வச்சிக்கிட்டு போறாப்பல அசிங்கமா இருக்கும். சரின்னு நாலாவது போட்டா இஞ்சின் புடிக்கறதில்ல, வண்டி இழுத்துக்கிட்டு ஓடுது. நடுவுல ஒண்ணும் இல்ல. அதான் நியூட்ரல்ல வுட்டுட்டு பிரேக்க மிதிக்கறது."

"டீசல் மிச்சம்னீங்க?"

"அது வெளிய சொல்றதுக்கு."

டீசல் இல்லை. ரோஷம். பின்னால் ஆரன் அடிக்கிறவனுக்காக உயிரை விடப் பார்த்திருக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னாரே. கட்டினவளிடம் இதைச் சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும். டீ போட்டுக் கொடுத்தேன், இஞ்சி தட்டிப் போட்டு.

நவம்பர் 8, சனி

நல்ல மழை. பட்டறைக்குள் ஒழுகல். நான் கேட்டது ஒன்றுதான்: அந்த மூணுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு கியர் கிடைக்குமா?

நசீர் அண்ணன் சாக்பீஸ் எடுத்து, ஒழுகாத இடமாகப் பார்த்துத் தரையில் கோடு போட்டார். மேல் வரிசையில் பழைய பெட்டியின் ஐந்து கியர். கீழ் வரிசையில் ஆறு கியர். மேல் வரிசையில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே பெரிய இடைவெளி. கீழ் வரிசையின் நாலாவது கியர் அந்த இடைவெளிக்கு நேராக வந்து நின்றது.

"இதாம்மா உன் கியர்" என்றார்.

முடிவு: ஆறு கியர் பெட்டி. கிரவுன் பழையதே, ஆறுக்கு நாற்பத்தொன்று. கிரவுன் அடங்கியதாக இருந்தால்தான் இறக்கத்தில் இஞ்சின் நன்றாகப் பிடிக்கும். பைபாஸ் ஓட்டத்துக்கு ஆறாவது கியர் இருக்கிறது. அதில் இஞ்சின் மெதுவாகச் சுற்றினாலும் வண்டி ஓடும். ஏழு கட்சிக்கு ஆறாவது, ஆறு கட்சிக்கு மலை ஏற முதலாவது, எனக்கு நாலாவது. எல்லாக் கட்சிக்கும் சீட்டு.

இஞ்சினோடு எக்ஸாஸ்ட் பிரேக்கும் வந்திருக்கிறது. புகை போகிற குழாயை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிக்குமாம். கியரில் இருந்தால்தான் வேலை செய்யும். அண்ணன் இன்னொன்றும் சொன்னார். இறக்கத்தில் வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் கால் வைக்காவிட்டால் பம்பு டீசலே கொடுக்காது. நியூட்ரலில்தான் இஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்ப மிச்சமும் இல்லையா?"

"ஒரு சொட்டு இல்ல சக்தி."

நவம்பர் 12, புதன்

தலைவலி. ஆனாலும் நல்ல நாள்.

பெட்டி உட்கார்ந்துவிட்டது. அதைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் பின்னால் நகர்ந்தது. பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற தண்டு நீளம் அதிகமாகி, லேத்தில் வெட்டி, ஒட்டி, ஆட்டம் பார்த்துக் கொடுத்தார்கள். புது இஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றவும் மனு கொடுத்தாயிற்று. கவுண்டரில் இருந்த பெண் முகம் சுளிக்காமல், எது குறைகிறது என்று சொல்லிக் கொடுத்தாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் நல்லம்பள்ளி மாதையன் அண்ணன் போன். நமக்கு வருடா வருடம் கிழங்கு லோடு கொடுக்கிறவர். கிழங்கு பறிக்கிற பக்குவம் வந்தும் இன்னும் பறிக்கவில்லையாம். மழை ஈரம் ஏறினால் மாவுச்சத்து குறைந்து மில்லில் விலையைக் குறைப்பார்கள். அது தெரியாதவரா அவர்.

"வேற வண்டிக்காரன் வந்து கேட்டான். சக்தி வரட்டும்னுட்டன்" என்றார்.

நன்றி சொல்லப் போனால் திட்டுகிறார். "நன்றியாம் நன்றி. கெழங்கு மண்ணுக்குள்ளதான கெடக்குது, எந்திரிச்சி ஓடவா போவுது. வண்டிய ஒழுங்கா பாத்து எடுத்தாரச் சொல்லு."

நவம்பர் 15, சனி

வெயில். கோழிக் குழம்பு வைத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

இஞ்சினை ஸ்டார்ட் செய்தார்கள். இரண்டு தடவை இருமியது, மூன்றாவதில் பிடித்தது. பழையது கத்தும், இது முணுமுணுக்கிறது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது அத்தை. நசீர் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து வந்து, கை துடைத்து, எங்கேயோ மேலே பார்த்து வாய்க்குள் ஏதோ சொன்னார். எங்கள் வூட்டுக்காக இன்னொருவர் வேண்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மலை மேல் பனி. வத்தல்மலை டிரயல், நானும் கூட.

ஏற்றம் சுகம். வளைவில் முன்பெல்லாம் வண்டி நடுங்கும், இன்று இல்லை. மேலே சாமை மூட்டை ஏற்றினோம். ஒரு அக்கா காபி போட்டுக் கொடுத்தார். இத்தனை மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டு, பதில் தெரிந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கும்போதும் வளைவெல்லாம் ஒழுங்கு. இரண்டாவது, மூன்றாவது, எக்ஸாஸ்ட் பிரேக் புஸ் புஸ் என்று. அடிவாரம் நெருங்கி ரோடு நேராகி, லேசான சரிவு. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இஞ்சின் சத்தம் அடங்கியது.

நியூட்ரல்.

பேசிக்கொண்டே தட்டிவிட்டிருக்கிறார். இவருக்கே தெரியவில்லை. "மாமா" என்றேன். கியர் ராடைப் பார்த்தார். பதறிக் கியரைப் போட்டார், கியர்ப் பல் கடித்தது.

பெட்டியை மாற்றியாயிற்று, கை பழைய கைதானே. திட்டவும் தோன்றவில்லை, பயம்தான். வியாழக்கிழமை கிழங்கு லோடு. நான் கூடப் போகிறேன். ஆனால் எத்தனை நாள் கூடப் போக முடியும்?

நவம்பர் 18, செவ்வாய்

மழை இல்லை. மாதையன் அண்ணன் ஆள் விட்டுப் பறிக்க ஆரம்பித்துவிட்டார். பறித்த கிழங்கு காத்திருக்காது, கறுத்துவிடும். இனி பின்வாங்க முடியாது.

இவர் வண்டியைக் கழுவினார். சாப்பாட்டில் மனசில்லை. அத்தை கேட்டதற்குப் பசியில்லை என்றார். கத்தரிக்காய்ப் பொரியல் மிஞ்சியது.

நவம்பர் 20, வியாழன்

விடிகாலை ஏற்றி முடித்தார்கள். மண் வாசனையோடு முழுப் பாரம். மாதையன் அண்ணன் வண்டியின் பக்கவாட்டைத் தட்டி அனுப்பினார்.

டோல் தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில் இவர் ஓரங்கட்டினார். நாலாவது போட்டுக் கிளப்ப முடியாது, ஒவ்வொரு கியராக ஏற்றி நாலாவதில் வைத்துக்கொண்டார். பிறகு ரோட்டை விட்டுக் கண் எடுக்காமல் சொன்னார்:

"புள்ள, கியர் ராடு மேல உன் கைய வையி."

"எதுக்கு?"

"என் கை ராடுக்கு வந்துச்சின்னா, கைய தட்டி வுடு."

வைத்தேன். ராடு அதிர்ந்துகொண்டே இருந்தது. வண்டி இழுக்கவில்லை, ஊரவும் இல்லை. இஞ்சின் பிடித்து வைத்திருப்பது உடம்புக்கே தெரிந்தது. பின்னால் ஒரு டிரெய்லர் வந்து சேர்ந்தது. ஆரன். இன்னொரு ஆரன். இவர் கண்ணாடியைப் பார்த்தார். இடது கை ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது, என் கை மேல் வந்து நின்றது. நான் தட்டவில்லை. அதுவாகவே திரும்பிப் போனது.

"அடிக்கட்டும். பொண்டாட்டி பேச்ச கேக்கறவன்னு பின்னாடி பலகை எழுதி மாட்டிடறன்" என்றார்.

சுவர் வந்தது. நம் வண்டி மோதிய தழும்பு அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் போவார் என்று நினைத்தேன். பார்த்தார். தாண்டினோம்.

"போதும், எடுத்துக்க" என்றார்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மிச்ச இறக்கம் முழுக்க அவர் கை ராடு பக்கம் போகவில்லை.

அடிவாரத்தில் எல்லா வண்டியும் நிற்கும். சூடேறிய சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள், புஸ்ஸென்று ஆவி கிளம்பும். இவரும் பழக்கத்தில் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் பின் சக்கரத்தின் பிரேக் டிரம் பக்கம் கையை நீட்டினேன். பயந்துகொண்டேதான். தொட்டேன். சூடுதான், ஆனால் கை வைக்க முடிகிற சூடு. இவரும் என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

கேன் தண்ணீரில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நாளைக்கு நீ வர வேணாம் புள்ள. தூங்கு" என்றார்.

சரி என்றேன்.