முட்டி போட்டுச் சொன்னது

1982 மார்ச் 12, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார். மடத்து அநாதை விடுதியைப் பற்றி ஆயர் ஆண்டவருக்கு மொட்டைக் கடிதாசி போயிருக்கிறதாம். மூடிப் பல வருஷமான விடுதி. வருகிற ஜூனில் மறுபடி திறக்கிறார்கள், பழையபடி மதர் யூலாலியையே பொறுப்பில் வைத்து. அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகளை வதைத்தார்கள் என்று கடிதாசியில் இருக்கிறதாம். விசாரிக்க ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து மரியநாதர் சாமி வருகிறார். பேச வேண்டியவர்கள் பெண்கள் என்பதால் கூட ஒரு பெண் இருந்து எழுத வேண்டும். மாதா சபைக் கணக்கை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறவள் என்று என் பெயரைக் கொடுத்துவிட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். செபப் புத்தகத்தை வைத்துக் கற்ற எழுத்து இது.

மதர் யூலாலியா வதைத்தது? என் மகள் செசீலி டைபாய்டில் கிடந்தபோது நெற்றித் துணி மாற்றிய கை அது.

வீட்டில் இவர் சொன்னது: "உனக்கு எதுக்கு இந்த வம்பு? அந்தம்மா முகத்துல நாளைக்கு முழிக்க வேணாமா?"

மார்ச் 19, வெள்ளி

சூசையப்பர் திருநாள். மரியநாதர் சாமியாரிடம் பேச, விடுதியில் வளர்ந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவரும் ஒரே சொல்: "மதர் தங்கமானவங்க." எழுத ஒன்றும் இல்லை. போலகத்திலிருந்து வந்தவளுக்கு இடது காது கேட்கவில்லை. எப்படி ஆயிற்று என்று கேட்டேன். "சின்னதுல சீழ் வச்சதுங்க" என்றாள். சொல்லும்போது சாமியாரைத்தான் பார்த்தாள், என்னை அல்ல.

மார்ச் 21, ஞாயிறு

பூசை விட்டு வரும்போது அடைக்கலமேரி, எல்லோர் காதிலும் விழ: "என்ன மார்த்தாக்கா, சாமியாருக்கே குறிப்பு எழுதிக் குடுக்குறீங்களாம். அடுத்து பூசையும் நீங்களே வச்சிருவீங்க போலருக்கு." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

ஏப்ரல் 6, செவ்வாய்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். கோட்டுச்சேரியில் இட்லிக்கடை வைத்திருக்கும் அல்லி வந்தாள். ஐந்து வயசில் விடுதியில் விடப்பட்டவள். அறைக்குள் வந்தவள் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. அங்கியோடு சாமியார் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நேராக முட்டி போட்டு, சிலுவை அடையாளம் போட்டு, "ஆசீர்வதியுங்க சாமி, நான் பாவி" என்று தொடங்கிவிட்டாள். அவரும் பழக்கத்தில் கையைத் தூக்கி ஆசீர்வதித்துவிட்டார். தாள் எடுத்துக்கொண்டு நான் கதவருகில் நிற்கிறேன். விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

என்ன சொன்னாள் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

அவள் போன பிறகு சாமியார் வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் நிறுத்தியிருக்கணும் மார்த்தா. அவ கேட்டது பாவமன்னிப்பு, நான் குடுத்ததும் அதுதான். பாவசங்கீர்த்தன ரகசியம், இனி அந்தப் பேச்சை நான் தொடக் கூடாது. அவளக் கூப்பிட்டு மறுபடி கேக்கவும் கூடாது."

"நானும் கேட்டுட்டேனே சாமி."

"உனக்கும் அதே கட்டுதான்."

ஏப்ரல் 7, புதன்

தூக்கமில்லை.

ஏப்ரல் 11, ஈஸ்டர்

ஆட்டுக்கறி வாங்கினேன். மதர் யூலாலி எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொடுத்தார். விடுதிக்குப் பெயர் கொடுத்திருக்கிற பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒன்றுக்குப் பால்பல் விழுந்து வாய் பொக்கை. அதன் கன்னத்தைத் தட்டினார். தட்டியது அன்பாகத்தான். நான் ஏன் கண்ணை மூடிக்கொண்டேன்?

ஏப்ரல் 23, வெள்ளி

பஸ் பிடித்து கோட்டுச்சேரி போனேன். என்ன சொல்வது என்று தெரியாமலே போனேன். அவள் சொன்னதை நான் எடுக்கக் கூடாது. எடுக்காமல் எப்படிப் பேசுவது? நான்கு இட்லி சாப்பிட்டேன். "சட்னி போதுமாங்கம்மா?" என்றாள். போதும் என்றேன். திரும்பிவிட்டேன். வெயில். பஸ்ஸில் இடமில்லை.

சாமியார் இந்த மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். "யாரும் குறை சொல்லவில்லை" என்றுதான் போகும்.

ஏப்ரல் 27, செவ்வாய்

மறுபடி போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டே அவளே கேட்டாள்.

"நான் சொன்னத எழுதிட்டீங்களாம்மா?"

இல்லை என்றேன்.

"ஏன், எழுத்து மறந்து போச்சா?"

இதற்குப் பதில் சொல்லலாமா? அவளே கேட்கிறாள் அல்லவா? சொன்னேன்: "முட்டி போட்டுச் சொன்னது பாவசங்கீர்த்தனம். அத யாரும் எழுதக் கூடாது அல்லி."

சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். பிறகு சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "அங்கி போட்ட சாமி முன்னால உக்காந்து பேசி எனக்குப் பழக்கம் இல்லீங்கம்மா. வெளையாட்டுக்குக்கூட உக்காந்தது இல்ல." கையைக் கழுவிக்கொண்டே, "அப்ப உக்காந்து சொன்னா எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

அவள் புருஷன் செல்லையன் கல்லாவிலிருந்து, "அந்தச் சாமியார அங்கி இல்லாம இங்க வரச் சொல்லுங்க. நான் கடைய மூடி வச்சிடறேன்" என்றான்.

ஏப்ரல் 29, வியாழன்

சாமியாரிடம் ஒன்றுதான் சொன்னேன்: அல்லி தானாகக் கூப்பிடுகிறாள், அங்கி வேண்டாம் என்கிறாள். அவரிடம் வெள்ளைச் சட்டைகூட இல்லை. வீட்டில் இவரிடம் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார், இஸ்திரி போட்ட சட்டை. சாமியார் ஒல்லி, தோளில் தொங்கியது. கோட்டுச்சேரிக் கடையில் அல்லி பார்த்துவிட்டு, "இப்பத்தான் பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி இருக்கீங்க" என்றாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தாள். சொன்னாள். எழுதினேன். ராத்திரி பாயை நனைத்த பிள்ளைகளின் தலையில் அந்த ஈரப்பாயை வைத்துக் கோயில் வாசலில் நிறுத்துவார்களாம். போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். நாமும்தானே பார்த்தோம்? விறகு அறை. அங்கே அவளைப் பூட்டிவிட்டு, திருவிழா வேலையில் மறந்துபோனார்கள். போலகத்துப் பெண்ணின் காது: சீழ் அல்ல, சாவிக்கொத்து அடி. எல்லாம் மதர் யூலாலியின் கை.

கடைசியில், "மன்னிக்கத் தெரியலங்கம்மா. அதத்தான் அன்னிக்குப் பாவம்னு சொல்லி அழுதேன்" என்றாள்.

சாமியார் எழுதிய தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மே 16, ஞாயிறு

மதர் மேல் புகார் போனதும் அதை எழுதியது நான் என்பதும் வெளியே வந்துவிட்டது, சொன்னது யார் என்பது மட்டும் வரவில்லை. மாதா சபைப் பெஞ்சில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கணக்கை அடைக்கலமேரியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கொடுத்தேன்.

ஜூன் 17, வியாழன்

பள்ளி திறந்து வாரமாகிறது. விடுதி திறக்கவில்லை. பெயர் கொடுத்த பிள்ளைகளை வேறு ஊர் மடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எப்படியோ, மாதாவே பார்த்துக்கொள்ளட்டும்.

மதர் யூலாலி மலைப்பக்கத்து ஓய்வு மடத்துக்குப் புறப்பட்டார். தெருவே அழுதது. நானும் போய் நின்றேன். கிழவியாகிவிட்டார். என் கையைப் பிடித்து, "செசீலி நல்லா இருக்காளா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரு என்னப் பத்தி அப்படிச் சொன்னது மார்த்தா? உனக்குத் தெரியும்."

"தெரியாது மதர்" என்றேன்.

பொய். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு பொய்யையும் அங்கே சொல்லாமல் விட்டதில்லை.

இதைச் சொல்லப்போவதில்லை.